காளியின் கண்ணுக்கு ஒன்பது வோல்ட்

நம் வயதுக்காரர்களைத்தான் கேட்கிறேன். மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு வீடெல்லாம் அதைத் தேடுகிற நம்மைத்தான். உங்களில் யாராவது கரண்டை ருசி பார்த்ததுண்டா?

நான் பார்த்திருக்கிறேன். உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்ன ஒன்பது வோல்ட் பேட்டரி. அதன் தலையில் அருகருகே இரண்டு உலோகக் குமிழ்கள். நாக்கை நீட்டி இரண்டையும் ஒரே சமயத்தில் தொட வேண்டும். பிஞ்சுப் புளியங்காயை இரும்பு ஆணியோடு சேர்த்துக் கடித்ததுபோல ஒரு புளிப்பு, ஒரு குத்தல், நாக்கின் ஓரமாக எறும்பு ஊர்வலம். நாக்கை உள்ளே இழுத்த பிறகும் அந்த ருசி போகாது. சோறு தின்றாலும் போகாது. எனக்கு இன்றுவரை முழுதாகப் போகவில்லை.

அது கார் நெல் அறுத்து முடித்து, அடுத்த போகமான பிசானத்துக்கு இன்னும் நாற்றுப் பாவாத இடைவெளி. ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே, ஆற்றுத் தண்ணீர் கால்வாய் வழியாக வந்து குளத்தில் தேங்கி, குளத்திலிருந்து மடை வழியாக வயலுக்கு இறங்குகிற ஊர் எங்களுடையது. அறுத்த தாள்களுக்கு நடுவே வாத்துக் கூட்டம் மேய்ந்துகொண்டிருக்கும். குளம் வற்றி, சேறு வெடித்து, வெடிப்புக்குள் நண்டு கண்ணை நீட்டிப் பார்க்கும். தெருவில் பாதிப் பேர் குலசை என்கிற குலசேகரன்பட்டினத்துத் தசராவுக்கு மாலை போட்டுச் சிவப்பு வேட்டியில் திரிவார்கள். வயலில் வேலை இல்லாத, சாமிக்கு மட்டும் வேலை இருக்கிற பருவம். அந்தப் பருவத்தில்தான் எங்கள் வீட்டுக்குள் எலெக்ட்ரானிக்ஸ் புகுந்தது. அத்தை வழியாகப் புகுந்தது.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. பத்தாவது தேறியவள். தேறிய மறுவாரம் மடியில் பீடித் தட்டு ஏறியது. அதன்பின் அது இறங்கவே இல்லை. இலையை வெட்டி, தூளை வைத்து, சுருட்டி, தலையை மடக்கி நூல் கட்டுகிற அந்த விரல்களை நான் வேடிக்கை பார்த்தபடியே வளர்ந்தேன். கண் எங்கோ இருக்கும், வாய் யாரையோ வம்புக்கு இழுக்கும், விரல்கள் மட்டும் தங்கள் பாட்டுக்கு ஓடும்.

ஒரு நாள் மத்தியானம் வீட்டு ரேடியோ நெல் விலை சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாயடைத்தது. அப்பா அதன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு பரணில் ஏற்றச் சொன்னார். அத்தை பரணில் ஏற்றுவதற்குப் பதிலாக அதன் முதுகைக் கழற்றினாள். பேட்டரி வைக்கிற இடத்தில் சுருள் கம்பியில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. கொண்டை ஊசியால் சுரண்டினாள். ரேடியோ பேசியது. நெல் விலை முடிந்து நாதஸ்வரம் வந்திருந்தது.

அத்தோடு முதுகை மூடியிருக்கலாம். அவள் மூடவில்லை. வரி வரியாக நிறம் தீட்டிய சின்னக் குழல்கள், கிராம்பு மாதிரி மூன்று காலில் நிற்கும் கறுப்புத் தலைகள், மிளகாய் வற்றல் நிறத்தில் தகடுகள். "ஏட்டி, இதெல்லாம் உள்ள ஒக்காந்து என்ன செய்யுது?" என்று என்னைக் கேட்டாள். ஐந்தாம் வகுப்புப் படிக்கிற என்னை. "தெரியலியே அத்த" என்றேன். "எனக்கும் தெரியலட்டி. எரிச்சலா இருக்கு" என்றாள். அந்த எரிச்சல்தான் ஆரம்பம்.

பஸ் ஸ்டாண்டுக் கடையில் ஒரு மெல்லிய தமிழ்ப் புத்தகம் கிடைத்தது. அதில் எல்லாமே சுத்தத் தமிழ். அதை எடுத்துக்கொண்டு திருநெல்வேலி ஜங்ஷனில் ரேடியோ சாமான் விற்கும் கடைக்கு நாங்கள் இரண்டு பேரும் பஸ் ஏறினோம். கடைக்கார அண்ணாச்சி முறுக்குத் தின்றுகொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, மின்தடை இருக்கா?"

"மின்தடையா? அதத்தான் தெனமும் ஊருக்கே ஓசியில குடுக்காவளே தாயி. அதுக்குக் கடைக்கு வேற வரணுமா?"

அத்தை அசரவில்லை. "அப்பம் மின்தேக்கி?"

"தண்ணி தேக்குத அணையா? அது மேக்க, பாவநாசத்துல மலை மேல இருக்கு. வேற பஸ்ஸு ஏறணும்."

அத்தை புத்தகத்தைப் பிரித்து, படத்தின்மேல் விரலை வைத்தாள். அண்ணாச்சி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இதுவா? ரெசிஸ்டருன்னு கேளும்மா. கண்டன்சருன்னு கேளும்மா. தமிழ்ல கேட்டா எப்படித் தெரியும்?"

"பேரு மாறுனா கரண்டு கோவிச்சுக்கிடுமா அண்ணாச்சி? எடுத்து வையும்."

அவர் சிரித்து, நிலக்கடலை மடிப்பதுபோல் காகிதக் கூம்புகளில் ஒவ்வொன்றாக மடித்துத் தந்தார். திரும்பி வருகிற பஸ்ஸில் கூம்புகள் என் மடியில் இருந்தன. கடலை என்று நினைத்து, பக்கத்து இருக்கைப் பாட்டையா கை நீட்டினார்.

பீடித் தட்டில் இலைக்குப் பதிலாக இப்போது ரெசிஸ்டர்கள். அதன் உடம்பில் இருக்கும் நிறக் கோடுகளில்தான் அதன் பலம் எழுதியிருக்கிறது என்று புத்தகம் சொன்னது. கரண்டை எவ்வளவு மறிக்கும் என்பதுதான் பலம். பழுப்பு, கறுப்பு, சிவப்பு என்றால் ஆயிரம். மஞ்சள், ஊதா, பழுப்பு என்றால் நானூற்று எழுபது. நான் கோடு படிக்க, அத்தை கணக்குச் சொல்ல, அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, சேலைக் கடையில் நிற்பவள் மாதிரித் தீர்ப்புச் சொல்வாள்.

"இது எங்கன ஊதா? கத்திரிப்பூல்லா."

"மயினி, கத்திரிப்பூவுக்கு நம்பர் கெடையாது."

"என்ன புஸ்தகமோ! கத்திரிப்பூ இல்லாத ஒரு கலர் கணக்கா?"

புத்தகத்தில் பாதி எங்களுக்குப் புரியவில்லை. புரியாத இடத்திலெல்லாம் அத்தை தண்ணீரைப் போட்டு நிரப்பினாள். எங்களுக்குத் தெரிந்த ஓட்டம் அது ஒன்றுதானே. ரெசிஸ்டர் என்றால் குறுகிய வாய்க்கால். கண்டன்சர் என்றால் குளம், நிறைந்த பிறகு மெல்ல விடும். டிரான்சிஸ்டர் என்ற மூன்றுகால் கறுப்புத் தலை இருக்கிறதே, அது மடைப்பலகை. ஒரு சின்னக் கை வந்து பலகையைத் தூக்கினால் போதும், பெரிய தண்ணீர் பாயும். இந்த மூன்றையும் அவள் சொன்ன மாலையில், வெந்து இறக்கிய சோற்றின் ஆவி நடுவே, எனக்கு உலகமே ஒரு பாசனம் என்று தோன்றியது.

தண்ணீர் எங்களைக் கவிழ்த்ததும் உண்டு. பேட்டரியின் இரண்டு குமிழும் திறந்து கிடக்கின்றனவே, கரண்டு ஒழுகிவிடாதா? நான்தான் கவலைப்பட்டேன். குளத்து மடையில் கசிவு என்றால் என்ன செய்வார்கள் என்று அப்பாவிடம் கேட்டேன்.

"களிமண்ணக் கொழச்சு அப்பணும். பொட்டுத் தண்ணி கசியாது."

அன்று சாயங்காலமே குளத்துக்குள் இறங்கி, ஈரக் களிமண் எடுத்து வந்து, பேட்டரியின் தலையில் கொழுக்கட்டை பிடிப்பதுபோல் பிடித்து அப்பினேன். அத்தையும் பார்த்து, "நல்லா அமுக்கு, ஓரத்துல சந்து தெரியுது" என்றாள். மறுநாள் காலையில் மண்ணைக் கழுவிவிட்டு நாக்கில் வைத்தால், புளிப்பு பாதிகூட இல்லை. ஈரமண் என்பது கரண்டுக்கு அணை இல்லை, பாதை. இரண்டு குமிழுக்கும் நடுவே நாங்களே பாலம் கட்டி, ராத்திரியெல்லாம் அதை நடக்கவிட்டிருக்கிறோம். இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இன்னொரு பேட்டரியும், நிறைய நக்கலும் தேவைப்பட்டது. தண்ணீர் திறந்தால் ஓடும், கரண்டு திறந்தால் நிற்கும். அத்தை இதைச் சொல்லிச் சொல்லி வீட்டுக்குள் நடந்தாள். "தெறந்தா நிக்கும். சேந்தா ஓடும். தெறந்தா நிக்கும். சேந்தா ஓடும்." அம்மா திருஷ்டி சுற்றிப் போடலாமா என்று யோசித்தாள்.

அந்த வாரம்தான் பாளையங்கோட்டைச் செய்தி வந்தது. ரேடியோவைப் பேட்டரி இல்லாமல் வீட்டுக் கரண்டில் ஓட வைக்கும் சின்னப் பெட்டிகள் செய்கிற பட்டறை ஒன்று, தசரா கழிந்ததும் பெண்களை வேலைக்கு எடுக்கிறது. ஈயம் பற்றவைக்கத் தெரிந்தால் போதும். அத்தை அப்பாவிடம் கேட்டாள்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் ஊரில் யாருக்கும் பயப்படாதவர். கரண்டுக்குப் பயந்தவர். பம்பு செட் மோட்டார் ஒருமுறை அவரைத் தூக்கி வாய்க்காலில் போட்டிருந்தது. அன்றிலிருந்து வீட்டில் விளக்குப் போடுவதென்றால்கூட ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, விளக்குமாற்றுக் கட்டையின் நுனியால் சுவிட்சைத் தட்டுவார். அப்போது எங்களுக்கு அது சிரிப்பு. அவர் மறுத்ததெல்லாம் அதிகாரம் என்றே வீட்டில் எல்லோரும் எடுத்துக்கொண்டோம். அதில் பாதிக்கு மேல் பயம் என்று எனக்கு உறைத்தது, நானே ஒரு பிள்ளையை வெளியூருக்கு அனுப்பிய அன்றைக்குத்தான்.

"கரண்டு வேலையா? ஒரு பேட்டரியக் காப்பாத்தத் தெரியல. நீ பட்டறைக்குப் போறியோ?"

"களிமண்ணு யாரு யோசன அண்ணே?"

முதலில் சிரித்தவர் சித்தப்பா. அப்பாவுக்குத் தம்பி, அத்தைக்கு அண்ணன். மஞ்சள் காமாலையில் படுத்துப் பிழைத்து எழுந்தவர். பிழைத்ததற்காக அந்த வருஷம் காளி வேஷம் போடுவதாக நேர்ந்திருந்தார். தலைக்குமேல் ஏறுகிற பெரிய கிரீடம் வீட்டின் மூலையில் பாதி முடிந்து நின்றது. மூங்கில் கூடு, அதன்மேல் அட்டை, அட்டை முழுக்கத் தங்க நிற ஜிகினாத் தாள். நடுவில், நெற்றிக்கு நேரே, தேங்காய் அளவுக்கு இன்னொரு சின்னக் காளி முகம்.

"இந்தா, இந்த முகத்துக்குக் கண்ணு வைக்கணும். கண்ணாடி ஒட்டுவோம்னு பாத்தேன்" என்றார் சித்தப்பா, பேச்சை மாற்றுவதற்காக.

"கண்ணாடி எதுக்கு? நான் முழிக்க வைக்கேன்" என்றாள் அத்தை. "ரெண்டு கண்ணும். மாறி மாறி."

அப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "சரி. செய்யி. குலசையில கோயில் வாசல் வரைக்கும் ரெண்டு கண்ணும் முழிச்சுக்கிட்டே போகட்டும். ஊரு சொல்லி நான் கேக்கப்படாது. நான் என் கண்ணால பாக்கணும். பாத்துட்டேன்னா நீ பாளையங்கோட்டைக்குப் போ. நடுவுல அணஞ்சுதுன்னா இந்தச் சாமானெல்லாம் பரணுக்குப் போயிரணும். பொறவு பேச்சு எடுக்கக் கூடாது."

"சரிண்ணே" என்றாள். அவ்வளவுதான். ஆனால் அன்று அவள் சுற்றிய பீடிகளுக்குத் தலை மடங்கவே இல்லை.

புத்தகத்தின் கடைசியில் ஒரு படம் இருந்தது. இரண்டு விளக்கு மாறி மாறி எரிவதற்கான இணைப்பு. இரண்டு மடை, இரண்டு குளம். மேல்குளம் நிறைந்தால் கீழ்குளத்தின் மடை திறக்கும். கீழ்குளம் நிறைந்தால் மேல்குளத்தின் மடை திறக்கும். எங்கள் ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் ஓயாமல் நடக்கிற சண்டையும் இதேதான். பேட்டரி உள்ளவரை ஒருத்தன் சிரிக்க, மற்றவன் இருண்டு, பிறகு அவன் சிரிக்க, இவன் இருண்டு.

சேலைப் பெட்டி அட்டையில் ஊசியால் ஓட்டை போட்டு, ஒவ்வொன்றின் காலையும் மேலிருந்து நுழைத்து, அடிப்பக்கத்தில் கால்களைச் சேர்த்து ஈயம் வைத்தோம். ஈயம் உருக்கும் சூட்டுக்கோலைக் கரண்டில் சொருகும்போதெல்லாம் அப்பா ரப்பர் செருப்போடு மெயின் சுவிட்ச் பக்கத்தில் விளக்குமாற்றுக் கட்டையை ஏந்தி நின்றார். சம்மதம் இல்லாத வேலைக்குக் காவல் மட்டும் நின்றார். ஈயத்தோடு உருகுகிற பிசின் புகைந்தது. சாம்பிராணிக்கு அண்ணன் தம்பி முறையாகும் வாசனை. அம்மா அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு ஓடி வந்து, "பூச ஆரம்பிச்சாச்சா?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

முதல் தடவை ஒன்றும் எரியவில்லை. கண்ணுக்கு வாங்கிய சிவப்பு எல்.இ.டி. இரண்டும் பருக்கை அளவு கண்ணாடிக் கொட்டைகள். அவற்றுக்கு ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை. அதை நாங்கள் செய்த ஆளின் அவசரம் என்று நினைத்து, அழகாக இருக்கட்டும் என்று சமமாக வெட்டிவிட்டிருந்தோம். நீளக்காலில்தான் கரண்டு ஏறும், தப்புக் காலில் ஏறினால் அது வாயே திறக்காது. வெட்டிய காலில் எது நீளம்? அத்தை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பி வைத்தாள். திடீரென்று இடது பக்கம் ஒரு சிவப்பு. அது அணைய, வலது பக்கம் ஒரு சிவப்பு. இடது. வலது. அத்தை கையை எடுத்துவிட்டாள். யாரும் தொடாமலே அது இடது, வலது, இடது, வலது. எங்கள் இரண்டு பேர் மூச்சும் அதோடு சேர்ந்து நடந்தது.

"ஏட்டி" என்றாள், சத்தம் போட்டால் ஓடிவிடும் என்பதுபோல் பைய. "நம்ம ரெண்டு பேருந்தான்ட்டி செஞ்சோம்."

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் அதைக் கிரீடத்தில் பொருத்தினோம். தசராக் குழுவின் தலைவர், கறி மீன் தொடாமல் இளைத்துக் கறுத்துப்போன மனிதர், மேற்பார்வைக்கு வந்திருந்தார். விரதம் இல்லாதவர்கள் கிரீடத்தைத் தொடக் கூடாது என்று அவர் சொல்லியிருந்ததால், அத்தையும் ஒருவேளைச் சாப்பாட்டோடு விரதம் இருந்தாள். அட்டையைச் சின்ன முகத்துக்குப் பின்னால், ஜிகினாவின்மேல் வைத்து, நூலால் இறுக்கிக் கட்டினாள். பேட்டரியை மாட்டினாள்.

ஒன்றுமில்லை.

கழற்றி மேசைமேல் வைத்தாள். இடது, வலது, இடது, வலது. மறுபடி கிரீடத்தில் கட்டினாள். இருட்டு. பேட்டரியைத் தொட்டால் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரிச் சுட்டது.

"ஆத்தாவுக்கு இஷ்டம் இல்ல. அதான் விசயம்" என்றார் தலைவர். "மேசையில எரியுது, தலையில எரியலன்னா வேற என்ன சொல்லுதது? விரதத்துல எங்கயோ கொற இருக்கு."

எல்லோர் கண்ணும் அத்தைமேல் திரும்பியது. அம்மா வாய் தவறி, "காப்பி மட்டுந்தான் ரெண்டு வேள குடிச்சா" என்றாள்.

"பாத்தீரா வே!" தலைவர் தொடையில் தட்டினார். "காப்பி!"

"கருப்பட்டிக் காப்பிதான்" என்றாள் அத்தை.

சித்தப்பா கிரீடத்தையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தார். "கண்ணாடி ஒட்டிருவோம்ளா, பரவாயில்ல" என்றார் மெதுவாக. பரண் எங்கள் தலைக்குமேல் வாயைத் திறந்துகொண்டிருந்தது. தலைவர் காப்பி குடிக்காமலே போனார்.

அத்தை அழவில்லை. பேட்டரியைக்கூடக் கழற்றாமல் நூலை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அட்டையிலிருந்து எல்.இ.டி.க்குப் போகிற கம்பிகளைப் பிடித்துக்கொண்டேன். அவள் அட்டையைத் தூக்கும்போது, ஒரு கம்பி ஈயம் விட்டுத் தனியாகக் கழன்று ஜிகினாவின்மேல் விழுந்தது. அட்டையின் ஒரு ஓரம் மட்டும் இன்னும் ஜிகினாவில் சாய்ந்திருந்தது. அப்போது வலது கண் எரிந்தது.

"அத்த. கம்பி அத்துக் கெடக்கு."

"கெடக்கட்டும்."

"லைட்டு எரியுது அத்த."

அவள் திரும்பினாள். கம்பி அட்டையைத் தொடவில்லை. அட்டைக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சாண் தங்கத் தாள்தான் இருந்தது. கம்பியை ஜிகினாவிலிருந்து தூக்கினாள், அணைந்தது. வைத்தாள், எரிந்தது. இன்னும் தள்ளி, கிரீடத்தின் காதோரத்தில் வைத்தாள். எரிந்தது. தூக்கினாள், வைத்தாள், தூக்கினாள். பிறகு அட்டையைத் திருப்பி அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். ஈயம் வைத்த கால்கள் முட்கள்போல் நீட்டிக்கொண்டிருந்தன. ஜிகினாவில் அவை குத்திய தழும்புகள் வரிசையாக இருந்தன.

"களிமண்ணு" என்றாள்.

"என்னது?"

"இதுவும் களிமண்ணுதான்ட்டி. தாளுன்னு நெனச்சோம். தகடு இது. எல்லாக் காலும் ஒண்ணோட ஒண்ணு சேந்து போச்சு." அவள் சிரிக்க ஆரம்பித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை. "அண்ணே! இங்கன வாரும். ஒமக்குத் தெரிஞ்ச சங்கதிதான். ஒடப்பு!"

அப்பா நிலைப்படியில் வந்து நின்றார். ரப்பர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் வந்தார்.

"வாய்க்கால்ல பெரிய ஒடப்பு இருந்தா கடைசி வயலுக்குத் தண்ணி போகுமா?"

"எப்படிப் போகும்? அம்புட்டும் ஒடப்பு வழியா ஆத்துக்குப் போயிரும்."

"அதுதான் நடந்துருக்கு. கண்ணுக்குப் போகாம இந்தத் தங்கத் தாளு வழியாப் போகுது. அதான் பேட்டரி சுடுது. காப்பி ஒரு பாவமும் செய்யல."

அப்பா கிரீடத்தை, அட்டையின் முட்களை, தழும்புகளை நிதானமாகப் பார்த்தார். வயலை விலை பேசுபவர் பார்க்கிற பார்வை. "எத வச்சு அடப்ப?" என்று கேட்டார். அந்தப் பருவம் முழுவதிலும் அந்த வேலையைப் பற்றித் தெரிந்துகொள்வதற்காக அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"கரண்டு போகாத எதையாவது வச்சு."

சுற்றிப் பார்த்தோம். உடன்குடிக் கருப்பட்டி வந்த ஓலைக் கொட்டான் அடுப்படி மூலையில் இருந்தது. காய்ந்த பனையோலை. அத்தை அதன் ஒரு ஓரத்தைப் பிய்த்து, பேட்டரிக்கும் எல்.இ.டி.க்கும் நடுவே வைத்தாள். எரியவில்லை. எரியாமல் இருந்ததற்காக எங்கள் வீட்டில் ஒருத்தர் துள்ளிக் குதித்தது அன்றைக்கு மட்டும்தான்.

"என் கொட்டான வெட்டாத!" என்று அம்மா வந்தபோது அத்தை பாதி வெட்டியிருந்தாள். கருப்பட்டித் துண்டுகள் உருண்டு ஓட, நான் அவற்றைச் சேகரிக்கிற சாக்கில் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டேன். ஓலையை இரண்டு மடிப்பாக அட்டைக்கு அடியில் கொடுத்து, நூலைக் கட்டி, புதுப் பேட்டரியை மாட்டினாள். சின்னக் காளி எங்கள் எல்லோரையும் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டியது. பிறகு அடுத்த கண்ணை.

மறுநாள் காலையில் குலசைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஊருக்கு வெளியே வேனை நிறுத்திவிட்டு, கோயில்வரை நடை. பாதை முழுக்க ராஜாக்கள், கரடிகள், பிச்சைக்காரர்கள், மீசை ஒட்டிய போலீஸ்காரர்கள், சேலை கட்டிய ஆண்கள். தாரையும் தப்பும் நெஞ்சுக்கூட்டில் அடித்தன. முகச்சாயமும் வேர்வையும் கடல் உப்பும் கலந்த காற்று. சித்தப்பா இல்லை, காளிதான் நடந்தாள், சிவந்த நாக்கும் தோள்களுக்குப் பின்னால் விரிந்த மரக்கைகளுமாக. அத்தை பக்கத்திலேயே, கண்களைக் கிரீடத்திலிருந்து எடுக்காமல், கால் இடறிக்கொண்டு வந்தாள்.

ஒன்றை மட்டும் நாங்கள் யோசிக்கவில்லை. கோயில் கிழக்கே, கடல் கிழக்கே, காலைச் சூரியனும் கிழக்கே. வெயில் நேராகக் காளி முகத்தில் அடித்தது. ஜிகினா முழுக்கப் பற்றி எரிவதுபோல் மின்னியது. அந்த மின்னலுக்கு நடுவே பருக்கை அளவு சிவப்பு எங்கே தெரியும்?

"ஆத்தா ஒறங்குதாளா?" என்று தலைவர் திரும்பிக் கத்தினார். "கண்ணயே காணும்!"

"எரியுது அண்ணாச்சி! வெயிலு மறைக்கி!" அத்தை குதித்துக் குதித்துப் பார்த்தாள். அவளுக்கே தெரியவில்லை. எரிகிறதா, அணைந்துவிட்டதா, கம்பி கழன்றதா? நடக்கிற காளியை நிறுத்தவும் முடியாது. அத்தை முகத்தில் இருந்த நிறமெல்லாம் போயிற்று. "எரியுதுண்ணே" என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். இந்த முறை அது கேள்வி மாதிரி இருந்தது.

என் கண்ணால பாக்கணும் என்று சொன்ன மனிதர் கூட்டத்தைத் தோளால் விலக்கிக்கொண்டு முன்னால் போனார். காளிக்கு நேர் எதிரே திரும்பி நின்றார். காளி நிற்கவில்லை. ஆகவே அப்பா பின்னோக்கி நடக்கத் தொடங்கினார். தோளில் கிடந்த துண்டை உருவி, இரண்டு கையாலும் விரித்து, சின்ன முகத்துக்குமேல் பந்தல்போல் உயர்த்திப் பிடித்தார். அந்த ஒரு முழம் நிழலுக்குள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

தப்பு முழங்கியது. அப்பா பார்த்தார். பின்னோக்கி நாலெட்டு. இன்னும் பார்த்தார். அவர் உதடு அசைந்தது. இடது, வலது என்று எண்ணுகிறார் என்று நான் கண்டுகொண்டேன்.

பார்த்தாயிற்று அல்லவா, துண்டை இறக்கியிருக்கலாம். அவர் இறக்கவில்லை. எதிரே வந்த பெண்கள் அந்த நிழலுக்குள் எட்டிப் பார்த்து, "ஆத்தா கண்ணத் தொறந்துட்டா!" என்று குலவையிட்டார்கள். பிள்ளைகள் அப்பாவின் அக்குளுக்குக் கீழே புகுந்து அண்ணாந்து பார்த்தார்கள். அப்பாவை ஏதோ வேஷக்காரர் என்று நினைத்து ஒரு கிழவி அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். கை வலித்திருக்கும். ஒரு கையை உதறி, மறு கையை உதறி, மறுபடி ஏந்தினார். ஒருமுறை துண்டு நுனி வழுக்கி, அவர் விரல்கள் அந்தக் கம்பிகளிலேயே பட்டன. அவர் கவனிக்கவில்லை.

கோயில் வாசல் நெருங்கியது. நெரிசலில் நாங்கள் எல்லோரும் ஒரே உடம்பாக நகர்ந்தோம்.

"அண்ணாச்சி, வாசல் வந்தாச்சு! துண்ட எறக்கும் வே!" என்று தலைவர் சத்தம் போட்டார்.

அப்பா அவர் பக்கம் திரும்பவே இல்லை. துண்டின் ஓரத்துக்கு மேலாக அத்தையைப் பார்த்தார்.

"ஏளா, பாளையங்கோட்டைக்குக் காலையில எந்த பஸ்ஸுல போவ?"

அத்தை சொன்னாள். தாரைச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. "என்னா?" என்றார். மறுபடி சொன்னாள். தலையை ஆட்டி, காதைக் காட்டினார்.

அத்தை கூட்டத்தின் நடுவே நின்று, வயிற்றிலிருந்து மூச்சை எடுத்து, தொண்டை கிழியக் கத்தினாள்.

"மொத பஸ்ஸு அண்ணே! மொத பஸ்ஸு!"

தப்புக்காரர்கள் ஒரு தாளம் தவறினார்கள். ராஜாக்களும் கரடிகளும் போலீஸ்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். காளியும் திரும்பிப் பார்த்தாள்.